அந்த லாப்ரடார் எந்தத் தெருவில் பிறந்தது?

எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் சுற்றறிக்கையில் ஒரு பக்கம் முழுக்கக் குமுறியிருக்கிறார். சென்னை மாநகராட்சி கேட்கும் நாய் உரிமமும் சிப்பும் வரி கட்டுகிறவனைப் பிழியும் தந்திரமாம். வீட்டு நாய் சாதுவாம். முதலில் தெருநாயைப் பிடிக்கட்டும் என்கிறார்.

பிழியும் தொகை ஆண்டுக்கு 50 ரூபாய். மாதம் நாலு ரூபாய் சொச்சம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 கடைசியில் அறிவித்த பிறகுதான் இந்தச் சுதந்திர தாகம் பிறந்தது. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உரிமம் கிடைக்காது. வலிக்கிற இடம் அதுதானோ என்னவோ.

வீட்டு நாய் சாதுவா? 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் 5 வயதுச் சிறுமியைக் குதறியவை வளர்ப்பு ராட்வீலர்கள். அவ்வளவு தூரம் எதற்கு? எங்கள் வாட்ச்மேன் பெரியவரை லிஃப்ட் வாசலில் ஒரு பொமரேனியன் கவ்வியது. ஊசி போட்டீர்களா என்று கேட்டால், "போட்ட ஞாபகம்" என்றார் நாய்க்காரர். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாகச் சாவுதான். அதில் ஞாபகத்தை நம்ப முடியுமா? 0, 3, 7, 28 என்று நாள் எண்ணி அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர் பெரியவர். போன சம்பளமும் அவருடையது.

சரி, தெருநாய்க்கு வருவோம். 2023 விதிகளின்படி பிடித்த நாய்க்குக் கருத்தடையும் ஊசியும் போட்டு அதே இடத்தில் விட வேண்டும். மாநகராட்சி அதைச் செய்துகொண்டிருக்கும்போதே நம் கேட் வழியாகப் புது நாய் தெருவுக்குப் போனால்? போன மழைக்காலத்தில் பின்வாசலில் ஒரு கிழட்டு லாப்ரடார் கிடந்தது. கழுத்தைச் சுற்றி முடி தேய்ந்த வளையம், பெல்ட் கிடந்த தடம். வெள்ளைக் கார் எது வந்தாலும் எழுந்து நொண்டிக்கொண்டே ஓடும். கதவு திறந்ததும் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். செயலாளர் கணக்கில் அதுவும் தெருநாய். அரிசி மணியளவு சிப் ஒன்று தோலுக்கடியில் இருந்திருந்தால், அதன் 15 இலக்க எண்ணை வைத்து வெள்ளைக் காரின் சொந்தக்காரரைப் பிடித்திருக்கலாம்.

மாநகராட்சியைத் திட்ட விஷயமே இல்லையா? உண்டு. எல்லாரையும் ஒரே நேரத்தில் விரட்டிவிட்டு, பிறகு கெடுவை அடுத்தடுத்துத் தள்ளிவைத்தார்களே, அதைக் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை.

சுற்றறிக்கையின் தலைப்பில் செயலாளர் தன் செல்ல நாயோடு நிற்கும் படம் போட்டிருக்கிறார். பெயர், இனம், வயது எல்லாம் இருக்கிறது. உரிம எண்ணைத்தான் காணோம்.