கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஸார்!

ஆயுத பூஜையன்று எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் கிரைண்டருக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், ஒரு முழம் கதம்பம். இட்லி மாவு கிரைண்டரைச் சொல்லவில்லை. இரும்பைத் தேய்க்கிற, பொறி பறக்கிற, சத்தம் கேட்டாலே பல் கூசுகிற அந்தக் கிரைண்டர். வருஷத்தில் ஒரு நாள் அதற்கு ராஜ மரியாதை. இதில் வேடிக்கை என்னவென்றால், பல பட்டறைகளில் பூஜைக்காகச் சுத்தம் பண்ணும்போதுதான் மெஷினோடு வந்த 'கார்டு' (சுற்றுகிற சக்கரத்தைப் பாதி மூடுகிற இரும்புக் கவசம்) பெஞ்சுக்கு அடியிலிருந்து வெளியே வரும். துடைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்து, மறுபடி பெஞ்சுக்கு அடியிலேயே வைத்துவிடுவார்கள்.

நான் பி.காம். டெபிட், கிரெடிட் தவிர வேறு எதையும் ஓட்டத் தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் ஒரு கிரில் பட்டறை இருக்கிறது. ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, கேட் செய்கிற நாலு பேர் பட்டறை. மொட்டைமாடிக் கதவுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, சொன்ன தேதியில் வராததால் தினமும் அங்கே போய் நிற்க வேண்டியிருந்தது. நின்ற நேரத்தில் பார்த்தது, விஷயம் தெரிந்தவர்களிடம் விசாரித்தது, படித்தது எல்லாம் சேர்த்துத்தான் இந்த வாரம்.

ஒரு காலத்தில் தெருவில் 'சாணை பிடிக்கறதே...' என்று குரல் வரும். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, ஏறி உட்கார்ந்து பெடல் பண்ணினால் முன்னால் இருக்கிற சின்னக் கல் சுற்றும். அரிவாள்மணை, கத்தரி எல்லாம் பளபளவென்று திரும்பி வரும். அவர் காலை எடுத்தால் கல் நின்றுவிடும். மனுஷன் கால் எவ்வளவு வேகம் கொடுக்குமோ அவ்வளவுதான். சாணைக்கல்லுக்கு மோட்டார் வைத்ததிலிருந்துதான் தகராறு.

கல் என்று சொல்கிறோமே தவிர அது கல் இல்லை. கடினமான துகள்களை ஒரு பசையால் ஒட்டிச் செய்த பொருள்விளங்காய் உருண்டை. பாட்டி செய்வாளே, பல்லை உடைக்கிற அதே ரகம். துகள் வெட்டும், பசை பிடித்துக்கொள்ளும். மழுங்கின துகள் உதிர்ந்தால் அடியிலிருந்து புதுத் துகள் தலைகாட்டும்.

அந்தத் துகளில் முக்கியமானது அலுமினியம் ஆக்சைடு. இயற்கையில் கிடைத்தால் அதற்குப் பெயர் கொரண்டம். இந்தப் பெயர் தமிழ்க் 'குருந்த'த்திலிருந்து வந்தது என்று இங்கிலீஷ் அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன. மாணிக்கமும் நீலமும் இதே கொரண்டம்தான், கலர்தான் வேறு. அதாவது பட்டறையில் பொறி கக்குகிற அந்த அழுக்குச் சக்கரம், மோதிரத்து மாணிக்கத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன். இன்னொரு துகள், 1891ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் காய்ச்சியபோது கிடைத்தது. கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்து 'கார்பொரண்டம்' என்று பெயர் வைத்துவிட்டார். உண்மையில் சேர்ந்தது சிலிக்கன். பெயர் தப்பு, சரக்கு நல்லது. 1954ல் முருகப்பா குழுமம் வெளிநாட்டுக் கம்பெனிகளோடு சேர்ந்து கார்பொரண்டம் யுனிவர்சலை ஆரம்பித்தபோது, அமெரிக்கா போன நம்ம வார்த்தை ஃபாரின் ரிட்டர்னாக மெட்ராஸுக்கே திரும்பி வந்தது.

போகட்டும். பெஞ்சு கிரைண்டரில் இருக்கிற தடித்த கல், பானை மாதிரி சூளையில் சுட்டது. கையில் பிடிக்கிற மெஷினில் மாட்டுகிற மெல்லிசு வீல் வேறு ஜாதி. அது பிசின் போட்டு, உள்ளே கண்ணாடி நூல் வலை வைத்து அழுத்தியது.

பானை மாதிரி என்றேன் இல்லையா? மண்பானை வாங்கும்போது நம்ம வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? விரலை மடக்கி ஒரு தட்டு. 'ணங்' என்றால் எடு. 'டொப்' என்றால் வை. சூளையில் சுட்ட சாணைக்கல்லுக்கும் உலகம் பூரா அதே பரீட்சைதான். ஓட்டையில் விரலையோ ஒரு குச்சியையோ விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் லேசாகத் தட்ட வேண்டும். கல் காய்ந்திருக்க வேண்டும். தெளிவாக ஒலித்தால் நல்லது. செத்த சத்தம் வந்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல். லாரியிலிருந்து இறக்கும்போது எங்கேயோ கீழே போட்டிருப்பான், சொல்லியிருக்க மாட்டான். சுத்தியலால் தட்டினால் நல்ல கல்லும் விரிந்துவிடும். (சுத்தியலால் தட்டித்தான் ஒருத்தர் எனக்கு டெமோ காட்டினார்.)

பிசின் வீல் இப்படித் தெளிவாகப் பாடாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஓரம் பெயர்ந்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா, ஈரத்தில் கிடந்ததா? ஒழுகுகிற ஷெட்டில் வைத்தால் பிசின் ஈரம் குடித்து வலுவிழக்கும். நடு ஓட்டையைச் சுற்றி ஒரு தகர வளையம் இருக்குமே, அதில் நல்ல கம்பெனிக்காரர்கள் மாசமும் வருஷமும் அடித்திருப்பார்கள். மாத்திரை அட்டை மாதிரி காலாவதித் தேதி. பொதுவாகச் செய்த நாளிலிருந்து 3 வருஷம். பாதிப் பேர் அதை டிசைன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெஞ்சு கிரைண்டர் கல்லின் இரண்டு பக்கமும் வட்டமாக ஒரு அட்டைக் காகிதம் ஒட்டி வரும். கம்பெனி பெயர், நம்பரெல்லாம் அச்சடித்திருப்பதால் லேபிள்தானே என்று பையன்கள் நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அது லேபிள் மட்டுமில்லை, மெத்தை. இரும்பு வாஷரை நட்டுப் போட்டு இறுக்கும்போது அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பரவுவதற்காக வைத்தது. அதை உரித்துவிட்டு இறுக்கினால், ஓட்டுகிறதற்கு முன்னாலேயே கல்லில் கீறல் விழலாம்.

மாட்டியாச்சு. ஸ்விட்ச் போட்டாச்சு. உடனே வேலையா? கூடாது. கார்டைப் போட்டு, புதுக் கல்லை ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட வேண்டும். அந்த நிமிஷம் எதிரே நிற்கக் கூடாது. உடைகிற கல் பெரும்பாலும் இந்த முதல் ஓட்டத்திலேயே உடையும் என்பார்கள். கல் தெறித்தால் சுற்றுகிற தளத்திலேயே, நேர்கோட்டில்தான் பறக்கும். பக்கவாட்டில் நிற்கிறவன் பிழைத்தான். பழைய மேஸ்திரிகள் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஸார்" என்று கையைப் பிடித்து நகர்த்துவார்கள். அழுக்காகிவிடும் என்பதற்காக இல்லை.

பெஞ்சு கிரைண்டரில் வேலையை வைத்துத் தேய்க்கிற தாங்கிக்கும் கல்லுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கல் தேயத் தேயத் தாங்கியை உள்ளே தள்ளிக்கொண்டே வர வேண்டும், மெஷினை நிறுத்திவிட்டு. தள்ளாவிட்டால் ஒரு நாள் சின்ன போல்ட் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போய் ஆப்பு மாதிரி உட்காரும். அப்புறம் கல் இல்லை, சில்லுதான். அதே மாதிரி சாதாரணக் கல்லின் முகத்தில்தான் தேய்க்க வேண்டும், கன்னத்தில் தேய்க்கக் கூடாது. பக்கவாட்டு அழுத்தம் அதற்குத் தாங்காது.

இனி நம்ம கிரில் பட்டறை. அங்கே பெஞ்சு கிரைண்டர் மூலையில் தூங்குகிறது. ராஜா, கையில் பிடிக்கிற ஆங்கிள் கிரைண்டர்தான். 4 இஞ்ச் மெஷினுக்கு ஏஜி 4, 7 இஞ்சுக்கு ஏஜி 7. ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் ஏஜி 4ஐ வைத்துக்கொண்டு ஆங்கிள் அறுத்துக்கொண்டிருந்தான். கார்டு இல்லை. கண்ணில் பிளாட்பாரத்துக் கூலிங் கிளாஸ். மெஷினில் வீல் மட்டும் ஏதோ அளவுக்கு மீறிப் பெரிசாகத் தெரிந்தது. சின்னப் பையன் அப்பா செருப்பைப் போட்டுக்கொண்ட மாதிரி.

"ஏண்ணே, இது 7 இஞ்ச் வீல்தானே?"

"ஆமா ஸார். 4 இஞ்ச் வீல்ல இவ்வளவு கனம் அறுக்காது. பெரிய மெஷின் வெயிட்டு, பையனுக்குக் கை வலிக்குது."

"கார்டு?"

"பெரிய வீல் போட்டா கார்டு எப்படி ஸார் நிக்கும்? அதுவும் இல்லாம மூலைக்குள்ள போகாது."

4 இஞ்ச் வீலின் ஓட்டை 16 மில்லிமீட்டர், 7 இஞ்சுக்கு 22 சொச்சம். அந்த வித்தியாசத்துக்கு வாஷரைத் தட்டி ஒரு புஷ் போட்டிருந்தார்கள். நடு பிசகினால் வீல் அதிரும். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் கணக்கு. எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் என்பதால் அங்கேயே அட்டைப் பெட்டி மேல் போட்டேன்.

7 இஞ்ச் வீலில் அச்சடித்திருக்கிற அதிகபட்சம் நிமிஷத்துக்கு 8,500 சுற்று. அந்த வேகத்தில் அதன் ஓரம் மணிக்கு 288 கிலோமீட்டர் போகும். ஜெட் விமானம் ரன்வேயை விட்டு எழும்புகிற வேகம். சின்ன மெஷினோ 11,000 சுற்று. அதில் பெரிய வீலை மாட்டினால் ஓரம் 373 கிலோமீட்டர். கிட்டத்தட்ட 30 சதவீதம் ஜாஸ்தி. 30தானே என்று நினைக்கலாம். வீலைப் பிய்த்து எறியப் பார்க்கிற விசை வேகத்தோடு சேர்ந்து ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. எங்கள் பாஷையில் சொன்னால், 30 சதவீதம், 2 வருஷம், கூட்டு வட்டி. நூறு ரூபாய் 169 ஆகிவிடுகிறது. கம்பெனிக்காரன் வைத்திருக்கிற சேஃப்டியைச் சாப்பிட்டுக்கொண்டு வீல் சுற்றுகிறது.

அவர் கணக்கைப் பார்த்தார். கூட்டு வட்டி என்றதும் சட்டென்று புரிந்துவிட்டது. (பட்டறை வைத்திருக்கிற யாருக்குமே புரியும்.) இடது கன்னத்தில் ஒரு தழும்பு அவருக்கு. அதைத் தடவிக்கொண்டு, "இது 4 இஞ்ச் வீல்தான் ஸார். பைப்புக்குள்ள மாட்டி உடைஞ்சுது. ஒரு இஞ்ச் மேல பட்டிருந்தா கண்ணு" என்றார். அப்போதும் கார்டு இல்லையாம்.

வீலில் எழுதியிருப்பதெல்லாம் இங்கிலீஷ். முதலாளிக்குத் தமிழ், பையனுக்கு ஒடியா. ஆனால் நம்பர் எல்லோருக்கும் ஒன்றுதான். மெஷின் தகட்டில் ஒரு நம்பர் இருக்கிறது, வீலில் ஒரு நம்பர் இருக்கிறது. வீல் நம்பர் மெஷின் நம்பரைவிடச் சின்னதாக இருந்தால் மாட்டாதே. அந்தப் பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க 2 நிமிஷம்கூட ஆகவில்லை. கை ஜாடையே போதுமானதாக இருந்தது. மூலைக்கு அரம் இருக்கிறது. கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

நம்ம ஊருக்கென்றே ஒரு ஆபத்து உண்டு: கரண்ட் கட். அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். ஸ்விட்ச் லாக்கில் இருக்கும். மெஷினை அப்படியே தரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். கரண்ட் வரும்போது மெஷின் மட்டும் தனியாக வேலைக்குத் திரும்பும், தரையில் குதித்துக்கொண்டு. துண்டு, லுங்கி, தொங்குகிற ஒயர், குறுக்கே வருகிற கால், எதையும் அது பார்க்காது. கரண்ட் போனால் ஸ்விட்சை ஆஃப் செய், பிளக்கைப் பிடுங்கு, அப்புறம் டீ.

கண். அந்தப் பொறி வெறும் வெளிச்சம் இல்லை, கொதிக்கிற இரும்புத் துகள். கருவிழியில் குத்தினால் அங்கேயே உட்கார்ந்து, கண்ணீரில் நனைந்து, துருப்பிடிக்கும். நிஜமாகவே துருப்பிடிக்கும். சுற்றிலும் ஒரு துரு வளையம். பட்டறைகளில் இதற்கென்று ஒரு 'ஸ்பெஷலிஸ்ட்' இருப்பார். இமையைப் புரட்டி, தீக்குச்சி முனையில் துணியைச் சுற்றி எடுத்துவிடுவார். வீட்டுக்குப் போனால் தாய்ப்பால் விடச் சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். தேய்க்காமல் நேரே கண் ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியிலும் பார்ப்பார்கள். கூலிங் கிளாஸ் பொறியைத் தடுக்காது. பக்கமும் மூடின பாலிகார்பனேட் கண்ணாடி வேண்டும், வீல் கையில் இருந்தால் அதற்கு மேல் முகத்தை மூடுகிற ஷீல்டும்.

சட்டம் இருக்கிறதா என்றால், நன்றாகவே எழுதியிருந்தார்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 30வது பிரிவு, ஒவ்வொரு கிரைண்டிங் மெஷின் பக்கத்திலும் நிரந்தரமாக ஒரு நோட்டீஸ் இருக்க வேண்டும் என்றது. கல்லின் ஓரம் எவ்வளவு வேகம் வரை போகலாம், ஷாஃப்ட் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, புல்லி என்ன அளவு என்று. ஆனால் மின்சாரம் உபயோகித்தால் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2020ல் நிறைவேறி, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதுத் தொகுப்புச் சட்டத்தில் அந்த 10, 20 ஆகிவிட்டது. எங்கள் தெருப் பட்டறையில் 4 பேர். இன்ஸ்பெக்டர் எதற்கு வரப்போகிறார்? அங்கே வாசலேறி வருவது ஆர்டர் கொடுக்கிற நாம்தான். டிசைன், ரேட், தேதி மூன்றையும் கேட்கிறோம், பேரம் பேசி ஐநூறு குறைக்கிறோம். அந்த ஐநூறு எதிலிருந்து குறைகிறது என்று நினைக்கிறீர்கள்?

கடைசி பாக்கி கொடுக்கப் போனபோது, "கண்ணாடி, ஷீல்டு, சரியான வீல் எல்லாத்துக்கும் எஸ்டிமேட்ல ஒரு வரி சேர்த்துடுங்கண்ணே, தர்றேன்" என்றேன்.

அவர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். "என்னன்னு ஸார் எழுதறது? இப்படி யாரும் கேட்டதில்லையே. தர்மக் கணக்குன்னு போடட்டுமா?"

பி.காம்.காரனிடமா கேட்கிறார்?

"நேரடிச் செலவுன்னு எழுதுங்க. ஆங்கிள், ராடு, வீல்... அதுக்குக் கீழேயே."