பதினைந்து வருடக் கூலி

தொப்பம்பட்டிப் பக்கம் விபத்து கேஸ் முடிந்த வீட்டில் தவறாமல் காதில் விழும் யோசனை இது: "மொத்தமா வாங்கிப்புடு மாப்ள. பேங்க்ல விட்டா அது நம்ம பணமா?" சொல்பவர் மனை புரோக்கராக இருக்கலாம், கைமாற்று கேட்கப் போகிற பங்காளியாக இருக்கலாம். நல்ல மனசோடு சொல்பவரிடம்தான் எனக்குப் பயம் அதிகம். அவர் பேச்சைத் தட்ட முடியாது.

அந்த இழப்பீட்டுப் பணம் எப்படிக் கணக்காகிறது? ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கி மாதம் 12,000 சம்பாதித்த 38 வயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். கால் போய்விட்டது. உழைப்புத் திறனில் 60 சதவீதம் இழப்பு என்று தீர்ப்பாயம் சொன்னால் மாதம் 7,200, வருடத்துக்கு 86,400. அதை 15ஆல் பெருக்குவார்கள். 2009இல் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணையில் அந்த வயதுக்கு உள்ள எண் அது. ஆக 12,96,000. மருத்துவச் செலவு, மற்றவையெல்லாம் தனி.

அறுபது வரை உழைத்திருந்தால் 22 வருடம் ஆயிற்றே, ஏன் 15? ஒரே தடவையில் கிடைக்கும் பணம் வட்டி ஈட்டும் என்று சேர்த்துத்தான் குறைக்கிறார்கள். அதாவது வட்டியை முன்கூட்டியே கழித்துக்கொண்டு தந்த கூலி அது. அதைக் கொண்டுபோய் மனையில் முடக்கினால் கழித்த வட்டி கழித்ததுதான். மளிகைக் கடையில் மனைப் பத்திரத்துக்கு அரிசி அளக்க மாட்டார்கள்.

இழப்பீட்டை வங்கியில் போட்டு, அசலும் வட்டியுமாக 36 முதல் 120 மாதம் வரை மாதாமாதம் கணக்கில் பெறுகிற திட்டம் இருக்கிறது. அதை நாடு முழுக்கக் கொண்டுவரச் சொல்லி 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. 10 லட்சத்தை 7 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 11,600 வரும். இதன்மேல் கடன் வாங்க முடியாது. பலரும் குறையாகச் சொல்வது இதைத்தான். எனக்கு இதுதான் அதன் பெரிய நிறை. கைமாற்று கேட்கும் பங்காளிக்குச் சொல்ல ஒரு பதில் கிடைக்கிறதே!

ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கந்துவட்டிக்குக் கடன் வாங்கியவர் என்ன செய்வார் என்றால், அந்தக் கடனை முதலில் அடைக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. கோர்ட் டெபாசிட்டில் கிடந்த பணத்துக்காக ஒவ்வொரு தடவையும் மனு போட்டு அலைந்தவர்களின் கசப்பும் நியாயமானது. ஆனால் மாதத் தவணைக்கு மாதாமாதம் மனு வேண்டாம்.

தீர்ப்புக்கு முன்பே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்: கடனுக்கு வேண்டியது கையில், மீதியில் ஒரு பங்கு மாதத் தவணை, இன்னொரு பங்கு நீண்டகால டெபாசிட். இரண்டாவது பங்கு எதற்கு என்று கேட்பார்கள். பத்து வருடம் கழித்துத் தவணை நிற்கும்போது அந்த மூட்டைக்காரருக்கு வயது 48தான்.