வண்டி ஓடட்டும், பைக் நிற்கட்டும்

நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் கோயில் கொடையோடு மாட்டுவண்டிப் பந்தயமும் சேர்ந்தே வரும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று மாடுகளைப் பிரிவுகளாகப் பிரித்து, போகவர இத்தனை மைல் என எல்லை குறித்துத் தார்ச்சாலையில் விடுகிறார்கள். நல்ல ஜோடியின் விலை லட்சங்களில் போகும்; பருத்திக்கொட்டையும் உளுந்தும் அன்றாடச் செலவு. முதல் பரிசே கிடைத்தாலும் கணக்கு நேராவது அரிது. ஒலிபெருக்கியில் தன் ஊர்ப்பெயர் முதலில் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஓட்டுகிறார்கள். அந்தப் பெருமிதத்தை நான் மதிக்கிறேன்.

என் எதிர்ப்பு, வண்டிகளை விரட்டிவரும் பைக்குகள் மீதுதான். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு வண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. 2023 மே 18 அன்று, இவற்றை அனுமதிக்கும் மாநிலங்களின் திருத்தச் சட்டங்களை ஏற்றது. அந்த வழக்குகளின் மையம் மாட்டின் வதை; பைக்குகள் அல்ல. ஹாரன் சத்தத்தில் மிரளும் மாடும், ஓரத்தில் நிற்கும் பிள்ளைகளும் ஒரே ஆபத்தில் இருப்பதை விழாக் குழுக்கள்தான் பார்க்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் மோட்டார் பந்தயத்துக்குத் தனித் தடம் உண்டு. இங்கே இருப்பதோ பொதுச்சாலை. பந்தயம் நின்றால் நாட்டுமாடு அழியும் என்பார்கள். பைக்கை நிறுத்தினால் எந்த மாடும் அழியாது. முந்தியது யார் என்று பார்க்க நடுவரின் ஒரு வாகனம் போதும். அடுத்த கொடைக்கு நோட்டீஸ் அடிக்கும்போதே, பைக்குக்கு அனுமதி இல்லை என்று அச்சிடுங்கள்.