அரசை நையாண்டி செய்த அரசுத் தொலைக்காட்சி

தில்லியிலும் சண்டீகரிலும் நடுத்தர வயதைக் கடந்தவர்களிடம் ஜஸ்பால் பட்டியின் பெயரைச் சொன்னால் போதும்; 'ஃப்ளாப் ஷோ'வில் ஏதேனும் ஒரு காட்சியை நடித்தே காட்டிவிடுவார்கள். 1989-ல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான அத்தொடர் மொத்தம் பத்தே பகுதிகள்தான். பொய்யான மருத்துவ ரசீது காட்டிப் பணம் பெறும் ஊழியர், ஆய்வு மாணவரை வீட்டு வேலைக்குப் பயன்படுத்தும் பேராசிரியர், ஒப்பந்ததாரர், தொலைபேசித் துறை என எவரையும் அது விட்டுவைக்கவில்லை. கேலிக்கு உள்ளானவர்களுக்கே அந்தந்தப் பகுதியைக் காணிக்கையாக்கியது பட்டியின் குறும்பு.

மின்பொறியியல் படித்த அவர், மின்வெட்டைக் கிண்டல் செய்து 'பவர் கட்' என்ற பஞ்சாபித் திரைப்படத்தை எடுத்தார். அது திரைக்கு வருவதற்கு முந்தைய நாள், 2012 அக்டோபர் 25-ல், ஜலந்தர் அருகே சாலை விபத்தில் உயிரிழந்தார். 2013-ல் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

பிரசார் பாரதி சட்டம்கூட இயற்றப்படாத காலம் அது. அமைச்சகத்தின் நேரடிப் பிடியில் இருந்த தொலைக்காட்சியே அரசு அலுவலகங்களைப் பார்த்துச் சிரிக்க இடம் தந்தது. தன்னாட்சி பெற்றுவிட்டதாகச் சொல்லப்படும் தூர்தர்ஷனில் இன்று அந்தத் துணிவு எங்கே? பட்டிக்கு விருது வழங்கிய மத்திய அரசு, அவர் வழியில் வரும் இளைஞர் எவருக்கேனும் வாரம் அரை மணி நேரம் ஒதுக்கட்டும்.