‘பிரிசர்வேட்டிவ் இல்லை’ன்னு எழுதினா பெருமையா?

வீட்டிலேயே கற்றாழை ஜெல், ஃபேஸ் க்ரீம், மூலிகைப் பற்பசை செஞ்சு வாட்ஸ்அப்ல விக்கிற சகோதரிகளுக்கும், நம்பி வாங்குற உங்களுக்கும் ஒரு இழை. பொறுமையா படிங்க.

இந்தத் தொழிலுக்கு நான் எதிரி இல்லை. நாலு பெண்கள் சொந்தக் காலில் நிக்கிறாங்கன்னா சந்தோஷம்தான். ஆனா டப்பா மேல "நோ கெமிக்கல், நோ பிரிசர்வேட்டிவ்"னு பார்த்தா ஒரு டாக்டரா எனக்கு பயம்தான் வருது.

காரணம் தண்ணி. எண்ணெயிலயும் காய்ஞ்ச பொடியிலயும் கிருமி லேசில் வளராது. கற்றாழைச் சாறு, ரோஸ் வாட்டர் சேர்த்த க்ரீம்ல அதுக்குத் தண்ணியும் இருக்கு, சாப்பாடும் இருக்கு. நம்ம ஊர் வெயில்ல, பாத்ரூம் அலமாரியில வெச்சு, தினமும் ஈர விரலை விட்டு எடுக்குறோம். சூடோமோனாஸ் மாதிரி பாக்டீரியா பெருகியிருந்தாலும் நிறமோ வாசனையோ மாறணும்னு கட்டாயம் இல்லை. அதைத்தான் உடைஞ்ச பரு மேலயும் கண் ஓரத்துலயும் தடவுறீங்க.

"வைட்டமின் ஈ கேப்ஸ்யூல் ஊத்தியிருக்கேன் டாக்டர்"னு சொல்வாங்க. அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காம பாத்துக்கும், கிருமியைத் தடுக்காது. சோடியம் பென்சோயேட் ஊறுகாயில நாம சாப்பிடுறதுதான். ஆனா க்ரீமோட பிஹெச் 5க்கு மேல போனா அதுவும் சரியா வேலை செய்யாது. இதெல்லாம் அளந்து செய்யுற வேலைங்க.

சோப்பு பரவாயில்லை. எடை சரியா போட்டு, 4 முதல் 6 வாரம் காய வெச்சா கிருமி பயம் குறைவு. (அதுல போடுற காஸ்டிக் சோடா எந்த மரத்துல காய்க்குதுன்னு மட்டும் கேக்காதீங்க.)

பற்பசைக்கு வருவோம். பிஹெச் சுமார் 5.5க்குக் கீழே போனா பல் எனாமல் கரைய ஆரம்பிக்கும். எலுமிச்சைச் சாறு 2, 3தான். கரியும் செங்கல் பொடியும் தேய்ச்சா பளிச்னு தெரியும், தேய்ஞ்ச எனாமல் திரும்ப வளராது. கிராம்பு வாய்க்கு நல்லா இருக்கும், சரி. சொத்தையைத் தடுக்க வலுவான ஆதாரம் இருக்கிறது புளூரைடுக்குத்தான். அதை தயவுசெஞ்சு வீட்டுல கலக்காதீங்க, கை தவறினா விஷம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி நிலத்தடி நீர்லயே புளூரைடு அதிகமா இருக்கிற ஊர்க்காரங்க, குழந்தைக்கு எந்தப் பேஸ்ட்னு பல் டாக்டரைக் கேட்டுக்கோங்க.

விக்கிறவங்களுக்கு: விற்பனைக்குன்னா 2020 அழகுசாதனப் பொருள் விதிகள்படி உரிமம் வேணும், அடுப்படியில செஞ்சாலும். அதுவரை ஜெல்லை விட்டுட்டு பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள்னு பொடியா அரைச்சு, நல்லா காய வெச்சு, தேதி போட்டுப் பழகுங்க.

வாங்குறவங்க மூணு கேள்வி கேளுங்க. எப்போ செஞ்சது? தண்ணி இருக்கா? இருந்தா என்ன பிரிசர்வேட்டிவ், எவ்வளவு? "இயற்கைங்க, கெடாது"ன்னு பதில் வந்தா காசை பர்ஸ்லயே வெச்சுக்கோங்க.