பந்து விளையாட்டுக்கு இப்படியா அழுவாங்கன்னு கேக்குறவங்களுக்கு

ஒரு பழைய வீடியோ அப்பப்போ டைம்லைன்ல வரும், நீங்களும் பார்த்திருப்பீங்க. அர்ஜென்டினாவுல ஒரு வீட்டு ஹால். வயசான ஒரு மனுஷன் டிவி முன்னாடி உட்கார்ந்து கத்துறார், எழுந்திருக்கிறார், தலையில கை வைக்கிறார், திரும்பவும் கத்துறார். அவர் வாயில வர்ற வார்த்தை எதையும் இங்க எழுத முடியாது. வீட்டுல இருக்கிறவங்களே அவருக்குத் தெரியாம எடுத்த வீடியோ அது. கீழே கமெண்ட் பூரா சிரிப்பு.

டாக்டருங்கிறதால எனக்கு அதைப் பார்த்தா முதல்ல தோணுறது, இவருக்கு இப்போ பிபி எவ்வளவு இருக்கும்ங்கிறதுதான். ரெண்டாவதா தோணுறதைத்தான் இந்த த்ரெட்ல எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

அவர் பார்த்துட்டு இருந்தது 2011 ஜூன் 22 மேட்ச். ரிவர் பிளேட் வெர்சஸ் பெல்கிரானோ. ரிவர்னா சாதாரண கிளப் இல்ல. 1901ல ஆரம்பிச்சது, 30க்கும் மேல லீக் பட்டம், 1978 உலகக் கோப்பை ஃபைனல் நடந்த மோனுமென்டல் ஸ்டேடியம் அவங்களோடது. முதல் டிவிஷனுக்கு வந்த பிறகு நூறு வருஷத்துக்கு மேல ஒரு தடவை கூட கீழே இறங்கினதே கிடையாது. அந்த வாரம் இறங்குற நிலைமையில நின்னாங்க.

'இறங்குறது'ன்னா என்னன்னு கால்பந்து பார்க்காதவங்களுக்குச் சொல்லிடறேன். 2025 ஐபிஎல்ல சிஎஸ்கே கடைசி இடத்துல முடிச்சப்போ நாம என்ன பண்ணோம்? கொஞ்ச நாள் மீம் போட்டோம், அப்புறம் ஏலத்துல யாரை எடுக்கலாம்னு பேச ஆரம்பிச்சோம். அடுத்த வருஷமும் அதே லீக், அதே மும்பை மேட்ச். கால்பந்துல பெரும்பாலான நாடுகள்ல அப்படிக் கிடையாது. கடைசியில வந்தா வெளியே போகணும். டிவி காசு குறையும், நல்ல பிளேயர் கிளம்பிடுவான், ஆபீஸ்ல வேலை பார்க்கிற கிளர்க்குக்கும் சம்பளம் நிச்சயம் இல்ல. எல்லாத்தையும் விட முக்கியமா, பரம எதிரியோட ஆடுற லீக் மேட்சே அடுத்த வருஷம் இருக்காது.

இதுல அர்ஜென்டினாவோட அப்போதைய விதி ஒண்ணு ரொம்ப சுவாரஸ்யம். அந்த வருஷப் பாயின்ட்டை மட்டும் பார்த்து இறக்க மாட்டாங்க, மூணு வருஷ சராசரி எடுப்பாங்க. பெரிய கிளப் ஒரு சீசன் சறுக்கினாலும் தப்பிச்சுக்கணும், அதான் அதோட பலன். 1983ல வந்த விதி அது. அந்த வருஷம் 19 டீம்ல 18ஆவதா வந்த ரிவரே அதனாலதான் தப்பிச்சுது.

சர்க்கரை நோயாளிகள் இருந்தா உடனே புரியும், இது ஹெச்பிஏ1சி டெஸ்ட் மாதிரி. டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து ஃபாஸ்டிங் சுகரைக் குறைச்சுக் காட்டலாம். மூணு மாச சராசரியை ஏமாத்த முடியாது. ரிவர் 2008 ஜூன்ல சாம்பியன். அதே வருஷம் அடுத்த டோர்னமென்ட்ல கடைசி இடம். அப்புறம் கடன், கோச் மாத்துறது, நல்லா ஆடுற பசங்களை விக்கிறது. 2010-11ல உண்மையில சுமாரா நல்லாத்தான் ஆடினாங்க, அந்த ஒரு வருஷத்தை மட்டும் பார்த்தா இறங்குற டீமே இல்ல. ஆனா பழைய ரெண்டு வருஷக் கணக்கு விடல. தலைவர் யாரு தெரியுமா? டேனியல் பாசரெல்லா. 1978ல அதே ஸ்டேடியத்துல உலகக் கோப்பையைத் தூக்கின கேப்டன். கிளப் உறுப்பினர்கள் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுத்தவர்.

கோர்டோபா நகரத்துல நடந்த முதல் மேட்ச்ல பெல்கிரானோ 2-0. நடுவுல முகத்தை மூடின ரிவர் ரசிகர்கள் சிலர் மைதானத்துக்குள்ள இறங்கி அவங்க சொந்த பிளேயர்களையே பிடிச்சுத் தள்ளினாங்க. ஜூன் 26 ரெண்டாவது மேட்ச், மோனுமென்டல்ல. ரெண்டு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சாப் போதும். அஞ்சாறு நிமிஷத்துலயே பவோனே ஒரு கோல் போட்டுட்டார். இன்னும் ஒண்ணே ஒண்ணு. ரெண்டாவது பாதியில பெல்கிரானோவோட ஃபார்ரே ஒண்ணு திருப்பிப் போட்டார். கொஞ்ச நேரத்துல ரிவருக்கு பெனால்டி. அதே பவோனே அடிச்சார், கோல்கீப்பர் ஒலாவே தடுத்துட்டார். முழு நேரம் முடியறதுக்குள்ளயே மேலேர்ந்து கல்லும் கம்பியும் விழ ஆரம்பிச்சு ரெஃப்ரி மேட்சை நிறுத்திட்டார். மொத்தத்துல 3-1. முடிஞ்சுது.

கேமரா அன்னைக்கு எடுத்த முகங்களைப் பாருங்க. எழுபது வயசு தாத்தா, பக்கத்துல பேரன், ரெண்டு பேரும் அழறாங்க. ஆனா ஒரே காரணத்துக்காக இல்லைன்னு எனக்குத் தோணும். பேரன் கிளப்புக்காக அழறான். தாத்தா அவரை முதல் முதலா அந்த ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டு வந்த அவரோட அப்பாவுக்காகவும் சேர்த்து அழறார்.

இப்போ உடம்புக் கணக்குக்கு வர்றேன், இது என் ஏரியா. 2006 உலகக் கோப்பை ஜெர்மனியில நடந்தப்போ மியூனிக் சுத்துவட்டாரத்துல இதய அவசர நோயாளிகளைக் கணக்கெடுத்தாங்க. மொத்தம் 4,279 பேர். 2008ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த ஆய்வு. ஜெர்மனி ஆடின நாட்கள்ல மாரடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு மாதிரி அவசரங்கள் 2.66 மடங்கு. ஆண்கள்ல 3.26 மடங்கு, பெண்கள்ல 1.82 மடங்கு. ஏற்கனவே இதய நோய் இருந்தவங்களுக்கு 4 மடங்கு. மேட்ச் ஆரம்பிச்ச முதல் ரெண்டு மணி நேரத்துலதான் உச்சம். ஜெர்மனி ஏழு மேட்ச் ஆடுச்சு, ஆறு நாள்தான் ஏறுச்சு. ஏறாதது மூணாவது இடத்துக்கான மேட்ச் அன்னைக்கு! ஜெயிச்சாலும் தோத்தாலும் பெருசா ஒண்ணுமில்லைன்னு மனசுக்குத் தெரிஞ்சா இதயத்துக்கும் தெரியுது. இங்கிலாந்துலயும் 1998 ஜூன் 30 அன்னைக்கு அர்ஜென்டினாகிட்ட பெனால்டியில தோத்ததுக்கு அப்புறம் மாரடைப்பு அட்மிஷன் 25 சதவீதம் ஏறினதா ஒரு ஆய்வு இருக்கு.

பந்து மட்டுமா காரணம்? இல்ல. தூக்கமில்லாம, சரக்கும் சிகரெட்டும் எண்ணெய்ப் பலகாரமுமா உட்கார்ந்திருக்கிறதும் சேர்ந்துதான். ஆனா 'சும்மா ஒரு கேம்தானே'ன்னு நீங்க சொல்றது ரத்தக்குழாய்க்குக் கேட்காது. அட்ரினலின் ஏறும்போது அது காரணம் என்னன்னு கேட்டு ஏறுறது இல்ல.

அதனால இதை மட்டும் பிடிச்சுக்கங்க. கிரிக்கெட்டோ கால்பந்தோ, மேட்ச் பார்க்கும்போது நெஞ்சுல பாரம், இடது கையில தாடையில வலி, குப்புனு வேர்வை, மூச்சுத் திணறல்னா 'மேட்ச் முடியட்டும்'னு உட்காராதீங்க. அப்படி உட்கார்ந்துட்டு லேட்டா வந்தவங்களை டூட்டியில நிறையப் பார்த்திருக்கேன். 'கேஸ்தான் டாக்டர், சோடா குடிச்சேன்'னு சொல்லிட்டே ஈசிஜி டேபிள்ல படுப்பாங்க. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு வலியே இல்லாம வெறும் களைப்பாவும் வரலாம். 108க்கு போன் பண்ணுங்க. ஸ்டென்ட் வச்சவங்க அன்னைக்கு மாத்திரையை விட்டுடாதீங்க.

இனி சிரிக்கிறவங்க விஷயம். 1976ல ராபர்ட் சியால்டினின்னு ஒரு உளவியல் பேராசிரியர் குழுவோட சேர்ந்து அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை ஆராய்ஞ்சார். அவங்க ஊர் ஃபுட்பால்ல காலேஜ் டீம் ஜெயிச்சா அடுத்த திங்கட்கிழமை காலேஜ் பேர் போட்ட சட்டை அதிகம் தெரியும். ஜெயிச்சதைப் பத்திக் கேட்டா 'நாங்க ஜெயிச்சோம்'பாங்க. தோத்ததைப் பத்திக் கேட்டா 'அவங்க தோத்துட்டாங்க'. நம்ம எல்லாருமே இதுதான். இந்தியா ஜெயிச்சா நாம, தோத்தா 'இவனுங்களை எல்லாம் டீம்ல யார் எடுத்தது'.

டிவிஷன் இறங்குன அன்னைக்கும் 'நாங்க'ன்னு சொல்றவன் இருக்கான் பாருங்க, என்னைக் கேட்டா அவன்தான் நேர்மையான ரசிகன். தப்பிச்சுக்க வழி இருந்தும் தப்பிக்கல. அவனைப் பார்த்துத்தான் நாம பைத்தியம்னு சிரிக்கிறோம்.

அதே நேரம், துக்கம் நிஜம்ங்கிறதால கல்லு நியாயம் ஆகிடாது. இதுல எனக்கு வளைஞ்சு கொடுக்க இஷ்டமில்ல. அன்னைக்கு மோனுமென்டல் வாசல்ல நெருப்பு, கண்ணாடி உடைப்பு, ரெண்டாயிரத்துக்கும் மேல போலீஸ் நின்னும் நிறைய பேருக்குக் காயம். 2021 ஏப்ரல்ல ஜெர்மனியோட ஷால்கே இறங்கினப்போ, ராத்திரி பஸ்ல திரும்பி வந்த பிளேயர்கள் மேல முட்டை வீசித் துரத்தி அடிச்சாங்க. 2023 டிசம்பர்ல பிரேசில்ல சான்டோஸ். பெலே ஆடின கிளப், அவர் இறந்து ஒரு வருஷம் கூட முடியல, 111 வருஷத்துல முதல் தடவையா இறங்குச்சு. ஊருக்குள்ள பஸ்ஸையும் காரையும் எரிச்சாங்க. அந்த பஸ்ஸை ஓட்டுறவரும் சான்டோஸ் ரசிகரா இருந்திருக்கலாம் இல்லையா?

ஷால்கேயைக் கொஞ்சம் யோசிங்க. சுரங்கத் தொழிலாளர் ஊர் கிளப். பிளேயர்கள் மைதானத்துக்கு வர்ற பாதையையே நிலக்கரிச் சுரங்கம் மாதிரி கட்டி வச்சிருக்காங்க. ஊர்ல சுரங்கமே மூடியாச்சு, மிச்சம் இருக்கிறது கிளப்தான். அதுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல கடன். ஒரே சீசன்ல அஞ்சு கோச். கடனை வாங்கினது முட்டையடி வாங்கின பசங்களா? கணக்குல கையெழுத்துப் போட்டவங்க அந்த பஸ்லயே இல்ல. கோபம் எப்பவுமே கைக்கு எட்டுறவன் மேலதான் விழுது. எங்க காஷுவாலிட்டியிலயும் அப்படித்தான். மருந்து ஸ்டாக் இல்லாததுக்குக் காரணமானவர் எங்கேயோ இருப்பார், திட்டு வாங்குறது நைட் டூட்டி நர்ஸ்.

அர்ஜென்டினாவுல இன்னொரு கூட்டம் இருக்கு, பார்ரா பிராவா. டிக்கெட் விக்கிறது, பார்க்கிங் வசூல்னு ஸ்டேடியத்தை வச்சுப் பிழைக்கிற கோஷ்டிகள். அவங்க வன்முறையையும் தாத்தாவோட கண்ணீரையும் 'ரசிகர்களின் ஆத்திரம்'னு ஒரே தலைப்புல போடுறது பத்திரிகைகளோட சோம்பேறித்தனம்.

'அப்போ இறக்குறதே வேண்டாமே, எவ்வளவு கஷ்டம்'னு கேட்கலாம். ஐரோப்பாவுல 12 பணக்கார கிளப்புகள் அதைத்தான் கேட்டாங்க. 2021 ஏப்ரல் 18ல சூப்பர் லீக்னு அறிவிச்சாங்க, நிறுவனர் கிளப்புக்கு இறக்கமே கிடையாதுன்னு. எதிர்த்து ரோட்டுல நின்னது அந்தப் பணக்கார கிளப்புகளோட ரசிகர்கள்தான். ரெண்டே நாள்ல, ஏப்ரல் 20 ராத்திரி, ஆறு இங்கிலாந்து கிளப்பும் விலகிடுச்சு. ஷால்கே இறங்கினதும் அதே ராத்திரி. விழறதுக்கு இடம் வேணும்னு ரசிகனே கேட்கிறான். ஏன்னா மேலே ஏறுறவனுக்கும் அதான் வழி. ரிவர் அழுத அன்னைக்கு கோர்டோபாவுல பெல்கிரானோ ரசிகர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. அந்தப் பக்கத்து வீடியோவை யாரும் ஷேர் பண்றதில்ல.

உங்க வீட்டுல இப்படி ஒருத்தர் இருந்தா, தோத்த ராத்திரி புத்திமதி சொல்லாதீங்க. பக்கத்துல உட்காருங்க, சாப்பிட வைங்க, பைக் சாவியை எடுத்து வைங்க. ரெண்டு மூணு நாள்ல அவரே சரியாகி டீமைத் திட்ட ஆரம்பிச்சுடுவார். வாரக்கணக்குல தூங்காம, சாப்பிடாம, 'இருந்து என்ன பண்ண'ங்கிற மாதிரி பேசினா அது மேட்ச் பிரச்சினை இல்ல. 14416ன்னு டெலி மானஸ் நம்பர் இருக்கு, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

ரிவர் கதை என்னாச்சுன்னு கேட்பீங்க. அதுவரை டீம்ல ஆடிட்டு இருந்த அல்மெய்டா கோச் ஆனார். பழைய பசங்க கவெனாகி, டொமிங்கஸ் ரெண்டாவது டிவிஷன்ல ஆடவே திரும்பி வந்தாங்க. 2012 ஜூன் 23, ட்ரெசெகே போட்ட ரெண்டு கோல்ல மேலே ஏறினாங்க. 2015ல தென் அமெரிக்காவோட பெரிய கோப்பையான லிபர்டடோரெஸையும் ஜெயிச்சாங்க. அந்த வருஷம் போகா ஜூனியர்ஸ் மைதானத்துல நடந்த மேட்ச்ல யாரோ சுரங்கப் பாதையில மிளகு ஸ்ப்ரே மாதிரி ஒண்ணை ரிவர் பிளேயர்கள் மேல அடிச்சுட்டாங்க. டாக்டர்கள் மைதானத்துலயே கண்ணைக் கழுவிட்டு இருக்காங்க, மேலே ஒரு ட்ரோன் பறக்குது. அதுல வெள்ளைத் துணியில ஒரு பேய் பொம்மை, நெஞ்சுல 'பி'ன்னு ஒரு எழுத்து. பி டிவிஷன் பேய். நாலு வருஷம் ஆகியும் விடல.

2018ல அதே கோப்பையோட ஃபைனல், ரெண்டு பேரும் நேருக்கு நேர். இந்தத் தடவை ரிவர் ரசிகர்கள் போகா பஸ் மேல கல் வீசி, அவங்க கேப்டன் பாப்லோ பெரேஸுக்குக் கண்ணுல காயம். மேட்சையே ஸ்பெயினுக்குக் கொண்டு போக வேண்டியதாச்சு. டிசம்பர் 9, ரிவர் 3-1.

இப்பவும் போகா ரசிகர்கள் பேய் வேஷம் போட்டுட்டு வர்றாங்க. ரிவர்காரங்க பதிலுக்கு 'மாட்ரிட்'னு மட்டும் சொல்றாங்க.