சிறகுக்கு என்ன விலை...?



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்றதும் ஹாஸ்டலில் ஆளுக்கொரு தலைப்பு சொன்னார்கள். அரியர்ஸ், வேலையில்லாத் திண்டாட்டம், கேம்பஸ் இன்டர்வியூ... நான் கிளியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். "ஏன்டா, மனுஷனுக்கே இங்க நாதி இல்ல, கிளிக்கு வக்காலத்தா?" என்று ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். நாம் டிப்ளமோ மாணவர்கள். எதையும் அளந்து பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்பதுதான் நமக்கு ஒர்க்‌ஷாப்பில் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அந்தக் கண்ணோடு ஒரு தடவை பெட் ஷாப் பக்கம் போய்ப் பாருங்கள்.

நம் ஊர்ப் பச்சைக்கிளி, அதாவது செந்தார்ப் பைங்கிளி, வாலோடு சேர்த்து சுமார் 40 செ.மீ. நீளம். சிறகை விரித்தால் அதற்கும் கொஞ்சம் கூடுதல். நான் பார்த்த கூண்டுகளில் பல ஒரு அடிக்குச் சற்று அதிகம். நம்ம ஸ்டீல் ரூல் ஒரு அடி, 30 செ.மீ. கணக்கு உங்களுக்கே புரியும். பறப்பது இருக்கட்டும், சோம்பல் முறிக்கக்கூட அதற்கு இடம் கிடையாது. சட்டம் என்ன சொல்கிறது? விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. ஓர் உயிர் ஓரளவாவது அசைந்து நடமாட முடியாத அளவுக்குச் சின்னக் கூண்டில் அதை அடைப்பது குற்றம் என்று அதன் 11-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. முதல் தடவை மாட்டினால் அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! நம்ம கேன்டீனில் இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் அந்தக் காசு தீர்ந்துவிடும். இதற்கு எந்தக் கடைக்காரர் பயப்படுவார்?

அளவை விட்டுவிட்டு மெட்டீரியலைப் பார்ப்போம். கூண்டு பெரும்பாலும் ஜி.ஐ. கம்பி. துத்தநாகப் பூச்சு துருவைத் தடுக்கும் என்று படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறோம். ஆனால் கிளிக்கு அலகுதான் கை. எதையும் கடித்துத்தான் பார்க்கும். கடிக்கக் கடிக்க அந்தத் துத்தநாகம் வயிற்றுக்குள் போய் விஷமாகிறது. உட்காரும் குச்சியும் அப்படித்தான். மரத்தில் ஒரு கிளை தடியாக இருக்கும், ஒன்று மெல்லிசாக இருக்கும், பிடி மாறிக்கொண்டே வரும். கூண்டில் ஒரே விட்டமுள்ள வழவழப்பான ஒரே குச்சி. நாள் முழுக்க ஒரே இடத்தில் சுமை விழுந்தால் என்ன ஆகும் என்று மெக்கானிக்கல்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாதம் புண்ணாகிறது.

தீனியோ வருஷம் பூராவும் வெறும் தினை. பழம், கீரை கண்ணிலேயே காட்டாததால் 'ஏ' வைட்டமின் குறைந்து மூச்சுக் குழலும் கண்ணும் கெடும். இதில் கொடுமை என்னவென்றால், பறவை தன் நோயை வெளியே காட்டாது. காட்டில் சோர்ந்து நின்றால் பருந்து தூக்கிவிடும் என்பதால் கடைசி வரை தெம்பாக இருப்பது போலவே இருக்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு, திடீர்னு செத்துப்போச்சு" என்கிறோமே, பல சமயம் அது திடீர்ச் சாவு இல்லை. நமக்குத் தெரியாமல் பல நாளாக நடந்த சாவு!

கடையில் இரண்டு வகைச் சரக்கு உண்டு. முன்னால் தொங்குவது வெளிநாட்டுப் பறவை. நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று ஜோடி போட்டு வாங்குவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜி. அசல் லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இவற்றை இங்கேயே குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறார்கள். அதற்குத் தடை இல்லை. ஆனால் 2018-ல் வந்த பெட் ஷாப் விதிகளின்படி, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. நம்மில் எத்தனை பேர் அந்தப் பதிவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டிருப்போம்?

சில கடைகளில் பின்கட்டில் இருப்பது இன்னொரு சரக்கு. தெரிந்தவர் கேட்டால் மட்டும் துணியை விலக்கிக் காட்டுவார்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளி! 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. இந்தியப் பறவைகளின் வியாபாரம் 1990-91 முதலே தடை செய்யப்பட்டது. 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது கிளியை இரண்டாம் அட்டவணையில் வைத்தார்கள். பிடித்தாலும் விற்றாலும் வீட்டில் வைத்திருந்தாலும் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தக் கிளி எந்தப் பண்ணையிலும் பிறக்கவில்லை. பட்டுப்போன பனையிலோ தென்னையிலோ உள்ள பொந்தில், கண் திறந்தும் திறக்காமலும் இருந்த குஞ்சு. பொந்தை வெட்டிப் பிளந்து எடுத்து வந்தது. குஞ்சும் போச்சு, அடுத்த வருஷம் தாய்க்கிளி முட்டையிட அந்தப் பொந்தும் போச்சு.

இந்தச் சட்டம் யார் மேல் பாய்கிறது என்பதையும் பாருங்கள். 2024 ஏப்ரலில் கடலூர்ப் பக்கம் ஒரு கிளி, தேர்தல் வேட்பாளருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தது. அது செய்தியானதும் வனத்துறை கிளி ஜோசியரைப் பிடித்தது, கிளிகளைப் பறிமுதல் செய்தது. செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். சட்டம் சட்டம்தான். ஆனால் மரத்தடியில் உட்கார்ந்து நாலு காசு சம்பாதிக்கும் மனிதர் எல்லோர் கண்ணிலும் படுகிறார். பின்கட்டில் துணி போட்டு மூடியவர் படுவதில்லை. பணத்தை நீட்டி வாங்குகிறவரோ யார் கணக்கிலும் வருவதில்லை. நான் பேச வந்தது அந்த மூன்றாவது ஆளைப் பற்றித்தான். தோழர்களே, அது நாம்தான்!

பிறந்த நாள் பரிசு என்று ஒரு ஜோடி, ரூமுக்கு அழகு என்று ஒரு ஜோடி... லீவு விட்டால் யார் தீனி வைப்பது? நம்ம டிப்ளமோ மூன்று வருஷம். பச்சைக்கிளி இருபது வருஷத்துக்கு மேலும் வாழும். கணக்குப் போட்டோமா?

இன்னும் சிலர் இருக்கிறார்கள், நல்ல மனசுக்காரர்கள். "பாவம்டா" என்று காசு கொடுத்து வாங்கி, கூண்டைத் திறந்து பறக்கவிட்டுப் புண்ணியம் தேடுவார்கள். அவர்கள் மனசை நான் மதிக்கிறேன். ஆனால் கடைக்காரருக்குப் புண்ணியமும் ஒன்றுதான், பொழுதுபோக்கும் ஒன்றுதான். ஒரு கிளி விற்றது, இன்னும் ரெண்டு கொண்டு வா என்பதுதான் அவர் கணக்கு. நாம் விடுவித்த இடத்துக்கு இன்னொரு பொந்து காலியாகும். பறக்கவிட்ட பறவைக்கும் அது புண்ணியம் இல்லை. சிறகு வெட்டிய கிளியைத் தெரு நாயும் பூனையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பட்ஜிக்கோ நம்ம ஊரில் இரை தேடவே தெரியாது.

"நீ மட்டும் சிக்கன் பிரியாணி சாப்பிடலியா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதையும் ஒரு நாள் உட்கார்ந்து பேசுவோம். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் வரை கிளியின் சிறகை வெட்டிக்கொண்டே இருக்கலாம் என்று எந்த நியாயம் சொல்லும்? "நம்ம கலாச்சாரத்திலேயே கிளி இருக்கே" என்பார் இன்னொருவர். இருக்கிறது. மீனாட்சி கையில் கிளி, ஆண்டாள் கையில் கிளி. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கைக்கிளியை இலையாலும் பூவாலும் தினம் தினம் புதிதாகக் கட்டுகிறார்கள். மதுரைக் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஓர் இடம் உண்டு. ஒரு காலத்தில் அங்கே நிஜமாகவே கூண்டுக் கிளிகள் இருந்தன. இன்று பெயர்தான் இருக்கிறது, கிளிகள் இல்லை. பக்தியும் குறையவில்லை. ஆக, பழக்கம் என்பது மாறக்கூடியதுதான்.

சரி, என்ன செய்யலாம்? நம் மாணவர் பேரவைக்கு நான் வைக்கும் கோரிக்கைகள் இவை:

ஒன்று, பறவையைப் பரிசாக வாங்குவதில்லை, கொடுப்பதில்லை என்று இந்த ஆண்டே நாம் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டு, பச்சைக்கிளி விற்பதைப் பார்த்தால் கடைக்காரரோடு சண்டையும் வேண்டாம், வாங்கி விடுவிக்கவும் வேண்டாம். நேராக வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் ஏற்கெனவே பச்சைக்கிளி இருந்தால் அதையும் அவர்களிடமே ஒப்படையுங்கள். வெட்டிய இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் வரை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

மூன்று, வீட்டில் பட்ஜியோ லவ் பேர்ட்ஸோ இருந்தால் விரட்ட வேண்டாம். நம் கையில்தான் வெல்டிங் இருக்கிறதே! நல்ல கூண்டு செய்து கொடுங்கள். உயரத்தைவிட நீளம் முக்கியம், பறவை பக்கவாட்டில்தான் பறக்கும். புது ஜி.ஐ. கம்பியை வினிகர் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். வேப்பங்குச்சி, கொய்யாக்குச்சி என்று தடிமன் மாற்றி மாற்றிக் கட்டுங்கள். தினையோடு கீரையும் வையுங்கள்.

நான்கு, நம் கேம்பஸில் பட்டுப்போன மரம் நின்றால், யார் மேலும் விழாத இடமாக இருந்தால், அதை வெட்ட வேண்டாம் என்று முதல்வரிடம் கேட்போம். நமக்கு அது விறகு. கிளிக்கு அது பிரசவ ஆஸ்பத்திரி.

இதில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. வாங்காமல் இருப்பதற்குக் காசே தேவையில்லை! கடைக்காரர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. நாம் கேட்பதை அவர் விற்கிறார். நாம் கேட்காவிட்டால் அந்தக் கொக்கியில் வேறு ஏதாவது தொங்கும். கிளியோ, யாரும் விலை கேட்காத பச்சைக்கிளியாகக் கூட்டத்தோடு பறந்து போகும்.

சிந்திப்போம்... செயல்படுவோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை